வெயில் இருந்தது, கரண்ட் இல்லை: ஹல்துமுல்லையில் என் ஒரு வரி செய்த வேலை

இது ஊர் பார்க்கப் போன பயணம் அல்ல. ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பொரிக்கும் பெட்டிக்குள் வைத்த முட்டைகளில் இருநூற்று ஐம்பத்தைந்து செத்துப்போயின. அதற்கு நான் தமிழில் எழுதிய ஒரு வரியும் காரணம் என்று தெரிந்ததால் போனேன். போகும்போதும் கோபம், வரும்போதும் கோபம். இதை எழுதும்போதும் அது தணியவில்லை. ஆகவே அருவி, மூடுபனி, படம் பிடிக்க நல்ல இடம் என்று தேடி வந்தவர்கள் என் பழைய பதிவுகளுக்குப் போய்விடலாம்.

என் பயணக் கதைகளைப் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியாது. கொழும்பில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் வீடுகளுக்குச் சூரிய மின்சாரத்தைப் பரப்பும் ஒரு திட்டத்தை நடத்துகிறவர்கள் ஒரு கைநூலைத் தமிழாக்கித் தரச் சொன்னார்கள். சூரிய மின்சாரம், வீட்டில் மின்சாரத்தையும் சூட்டையும் வீணாக்காமல் இருப்பது பற்றிய அடிப்படைச் சொற்கள், இருபத்து நான்கு பக்கம். நான்கு நாளில் முடித்துக் கொடுத்தேன். அச்சான பிரதியை நான் பார்க்கக்கூட இல்லை.

கடந்த மாதம் தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "மிஸ், நான் யோகேஸ்வரி. தோட்டத்துல கோழிக்குஞ்சு பொரிக்கிற வேலை செய்யிறேன். அந்த சோலார் புஸ்தகத்த தமிழ்ல எழுதினது நீங்கதானாம். பத்தாம் பக்கத்த ஒருக்கா படிச்சுப் பாருங்க. அப்புறம் இங்க வந்து எங்க ஊட்டுக் கூரையையும் பாருங்க."

படித்தேன். பிறகு பழைய மூலக் கோப்பைத் திறந்தேன். ஆங்கில மூலத்தில் 'கிரிட் பெக்கப்' என்று இருந்தது. சூரியத் தகடுகள் தருவது போதாதபோது ஊர் லைனிலிருந்து மின்சாரம் துணைக்கு வரும் என்பதுதான் அதன் பொருள். நான் அதை அப்படியே திருப்பிப் போட்டிருந்தேன்: ஊர் மின்சாரம் நின்றுபோகும்போது சூரியத் தகடுகள் காப்பு மின்சாரம் தரும்.

ஒரு வியாழக்கிழமை காலை 6.15க்குப் புறக்கோட்டையில் பதுளை பஸ் ஏறினேன். இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் போகும் பஸ்தான் ஹல்துமுல்லையைத் தொடும். ரயிலில் வருகிறவர்கள் அப்புத்தளையில் இறங்கி, பதினொரு கிலோமீற்றர் திரும்பிக் கீழே வரவேண்டும். கட்டணம் 920 ரூபாய், தூரம் ஏறக்குறைய 180 கிலோமீற்றர். பலாங்கொடையில் இருபது நிமிடம் நிற்கும். கழிப்பறைக்குப் போவதென்றால் அங்கேயே போய்விடுங்கள். 12.20க்கு ஹல்துமுல்லையில் இறங்கினேன்.

அங்கிருந்து தோட்டத்துக்கு ஏழு கிலோமீற்றர். பாதி தூரம் தார், மீதி கல். ஆட்டோ 1,200 ரூபாய், நாற்பது நிமிடம். யோகேஸ்வரியின் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"சோலார் போட்ட வீடா? நீங்க அந்த கம்பனியாங்க?"

"இல்லைங்க."

"நல்லதாப் போச்சு. கம்பனி ஆள்னா நான் கேட்டடியிலயே எறக்கி விட்டுருவேன். அந்தப் புள்ள நாலு வருஷம் குவைத்துல கெடந்து சேத்த காசுங்க அது."

நான் யார் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

யோகேஸ்வரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். லயத்து வரிசை வீடுகளிலிருந்து பிரித்துக் கொடுத்த ஏழு பேர்ச் அளவுள்ள சின்னக் காணியில் தனி வீடு. தகரக் கூரை, அதன் தெற்குச் சரிவில் எட்டுத் தகடுகள், வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. கணவர் தொழிற்சாலையில் இரவு வேலை செய்துவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். தேத்தண்ணி வந்தது. உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே குடித்தேன்.

பிறகு பின்பக்கம் கூட்டிப்போய்ப் பெட்டியைக் காட்டினார். அலுமாரி உயரத்துக்கு பிளைவுட் பலகையில் அவரே செய்வித்தது. உள்ளே ஆறு தட்டு, நான்கு பல்பு, ஒரு சின்ன மின்விசிறி, ஒரு வெப்பமானி. முட்டைக்கு முப்பத்தேழரை பாகை சூடு இருபத்தொரு நாள் குறையாமல் இருக்கவேண்டும். குஞ்சு வாங்க வெலிமடையிலிருந்துகூட ஆள் வருவார்களாம்.

"பதினேழாம் நாளு," என்றார். "சாயந்தரம் புயக் காத்து. கீழ ரோட்டுல மரம் விழுந்து லைன் அறுந்துருச்சு. எங்க ஊட்டுக்காரரு பயந்தாரு. நான்தான் சொன்னேன், ஒண்ணும் ஆகாதுங்க, விடிஞ்சா வெயில் வந்துரும், கூரையில நம்ம கரண்ட் இருக்குன்னு. ராவெல்லாம் போத்தல்ல சுடுதண்ணி ஊத்தி உள்ள வச்சுகிட்டே இருந்தோம். விடிஞ்சுச்சு. என்னா வெயிலு தெரியுமா அன்னைக்கு? தகரத்துல கை வைக்க முடியல. சுவத்துல மாட்டின அந்த சோலார் மெசின்ல ஒரு செவப்பு லைட்டு மட்டும் மினுக்கு மினுக்குன்னு எரியுது. கரண்ட் இல்ல."

கம்பனிக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். 'லைன் வந்தா தானாக வேலை செய்யும்' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்களாம். லைன் வர இரண்டு நாள் ஆனது.

"டோர்ச் அடிச்சுப் பாத்தா முட்டைக்குள்ள குஞ்சு துடிக்கிறது தெரியும் மிஸ். மொத நாளு எல்லாம் துடிச்சுச்சு. மறுநாளு ஒவ்வொரு தட்டா நின்னுச்சு. ஒம்போது குஞ்சுதான் வெளிய வந்துச்சு. மத்தத பொதைச்சோம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்ளே போய்க் கைநூலை எடுத்துவந்தார். பக்கங்களில் பென்சில் கோடு போட்டிருந்தார்.

"இங்க காப்புன்னா கரண்ட் நின்னா குடுக்கிறதுன்னு போட்டிருக்கு. பதினாறாம் பக்கத்துல காப்புன்னா சூடு வெளிய போகாம வைக்கிறதாம். இருபதாம் பக்கத்துல வயருக்குச் சுத்துற ரப்பரும் காப்பாம். எங்களுக்குக் காப்புன்னா கையில போடறது. யாருக்கு எழுதினீங்க இத?"

யாருக்கு எழுதுகிறேன் என்று நினைத்து எழுதவில்லை என்பதுதான் உண்மை. கொடுத்த நாளுக்குள் முடிக்க எழுதினேன்.

அன்று அப்புத்தளையில் தங்கினேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சாதாரண அறை, 3,500 ரூபாய், சுடுதண்ணி காலை எட்டு மணிவரை மட்டும். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. குளிர் தாங்காமல் அறைக்காரர் ஒரு ஹீட்டரைத் தந்தார். அதன் சூடு முழுவதும் அந்த ஓட்டை வழியாக ஊவாப் பள்ளத்தாக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. பதினாறாம் பக்கத்தில் நான் நீட்டி முழக்கி எழுதியது இந்த ஓட்டையைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை யோகேஸ்வரியும் அப்புத்தளைக்கு வந்துவிட, இருவரும் பஸ்ஸில் பண்டாரவளைக்குப் போனோம். பதினொரு கிலோமீற்றர், அரை மணி நேரம். அங்கே மின்சாதனக் கடை வைத்திருக்கும் ரியாஸ் நானாதான் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்பார்கள்) பெட்டிக்குரிய பல்பும் வயரும் இவருக்குக் கொடுத்தவர். வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்குத் தொழுகைக்காகக் கடை மூடிவிடும் என்பதால் பத்து மணிக்கே போய் நின்றோம்.

மெசின் ஏன் நின்றது என்று கேட்டேன். நானா சுற்றிவளைக்கவில்லை.

"தங்கச்சி, இது லைனோட சேத்துக் கட்டின சாமான். லைன் செத்தா இதுவும் நிண்டுரும். வேணுமெண்டுதான் அப்படி வெச்சிருக்கிற. இது நிக்காம கரண்ட லைனுக்கு அனுப்பினா, அறுந்த வயரப் புடிச்சு வேல செய்றானே, அவன் மவுத்தாப் போயிருவான். மெசின்ல குத்தமே இல்ல."

"அப்போ லைன் இல்லாத நேரம் வேணும்னா?"

"பெட்டரி வெக்கணும், அதுக்கேத்த வேற இன்வேர்ட்டர் வெக்கணும். அது வேற சாமான், வேற வெல. வித்தவனுக்கு இது நல்லாத் தெரியும்."

யோகேஸ்வரி அடுத்த கேள்வியைக் கேட்டார். மூன்று கிலோவாட் என்றால் மூன்று யூனிட்டா? தகடு விற்க வந்த கம்பனி விற்பனைக்காரர் அப்படித்தான் சொன்னாராம்; கைநூலில் நான் இரண்டுக்கும் 'மின் அளவு' என்றே எழுதியிருந்தேன். நானா கல்குலேட்டரைத் தள்ளிவைத்துவிட்டு, ஆயிரம் வாட் அயர்ன் பொக்ஸ் ஒன்றைக் கையில் எடுத்தார். "இது எரியிற வேகம் ஒரு கிலோவாட். ஒரு மணித்தியாலம் விடாம எரிஞ்சா ஒரு யூனிட். ஒங்கட மூணு கிலோவாட் தகடு, நல்ல வெயில் அடிச்சா நாளைக்குப் பத்து யூனிட்டுக்கு மேலயும் தரும். மழ மூடினா ரெண்டும் தரும்."

யோகேஸ்வரி உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப கிலோவாட்டுங்கிறது கொழுந்து எடுக்கிற கை வேகம். யூனிட்டுங்கிறது சாயந்தரம் தராசுல நிக்கிற எடை."

இருபத்து நான்கு பக்கத்தில் என்னால் சொல்ல முடியாததை அவர் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டார்.

பெட்டியைப் பற்றியும் நானா ஒன்று சொன்னார். வெறும் பிளைவுட் சூட்டைப் பிடித்துவைக்காது, கதவு இடுக்கிலும் கசிகிறது. மீன் பெட்டி செய்யும் வெள்ளை ரெஜிபோம் பலகையைச் சுற்றிவர ஒட்டி, கதவுக்கு ரப்பர் பட்டி வைத்தால் பல்பு பாதி நேரம்தான் எரியும். கரண்ட் போனாலும் சூடு சட்டென்று இறங்காது. "மொதல்ல ஓட்டய அடைக்கணும். அதுக்குப் பொறவுதான் எத்தன தகடு வேணுமெண்டு பாக்கிற. இவனுகள் தகட்ட வித்திட்டுப் போயிட்டானுகள்."

பதினொன்றரைக்குப் பதுளை பஸ். முப்பது கிலோமீற்றர், ஒன்றேகால் மணி நேரம். கைநூலை வெளியிட்ட திட்ட அலுவலகம் பதுளையில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. பெயரை இங்கே போடப் போவதில்லை. ஒரே ஓர் அலுவலகம் கெட்டது என்று நீங்கள் நினைத்துக்கொள்வதில் எனக்கு விருப்பமில்லை. மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர், வெயில் உள்ளே. குளிரூட்டி இரண்டு. பகல் ஒன்றரைக்குத் திரைச்சீலையை இழுத்து மூடி, ஒன்பது விளக்குகளைப் போட்டிருந்தார்கள். மின்சாரத்தை வீணாக்காதீர்கள் என்ற சுவரொட்டி அந்த விளக்குகளில் ஒன்றின் கீழே தொங்கியது.

இளம் அதிகாரி தமிழர், மரியாதையானவர். நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, கைநூல் வெறும் விழிப்புணர்வுக்கானது என்றார். சட்டப்படி செல்லுவது ஒப்பந்தம்தான்; அதில் நான்காம் பக்கத்தில், லைன் இல்லாதபோது இயங்காது என்று ஆங்கிலத்தில் தெளிவாகவே இருக்கிறது. கைநூலில் பிழை இருந்தால் அடுத்த அச்சில் கவனிக்கலாம்.

"ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி எங்கே?" என்று கேட்டேன்.

"தமிழ்ப் பிரதி போடல மிஸ். அது கம்பனி ஆவணம். கைநூல் தமிழில இருக்குதானே."

என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். யோகேஸ்வரி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அந்த அதிகாரியைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்:

"ஒப்பந்தத்துல நான் தமிழ்லதாங்க கையெழுத்துப் போட்டேன். அது செல்லுச்சு. புஸ்தகம் தமிழ்ல இருந்தா மட்டும் செல்லாதா?"

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். படியிறங்கும்போது யோகேஸ்வரிக்குத்தான் அழுகை வரும் என்று நினைத்தேன். எனக்கு வந்தது. அவர் பஸ் நிலையத்தில் இரண்டு வடை வாங்கி ஒன்றை என்னிடம் நீட்டினார். "சாப்பிடுங்க அக்கா. ஞாயித்துக்கெழமை அந்த சோலார் விக்கிற ஆளு நம்ம தோட்டத்துக்கு வர்றான். இன்னும் பதினோரு வீட்டுக்காரங்க கையெழுத்துப் போட இருக்காங்க. அழுகிறதுக்கு நேரமில்ல." மிஸ் என்பது அக்காவானதை அப்போது நான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை முழுவதும் அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதினோம். வாட், யூனிட், தகடு, இன்வேர்ட்டர், பெட்டரி, லைனோடு சேர்ந்தது, லைன் இல்லாமல் ஓடுவது, சூடு கசிவது. நான் எழுதுவேன், அவர் வாசிப்பார், அடிப்பார். "மின்கட்டமைப்பு" போனது, "லைன்" வந்தது. "வெப்பக்காப்பு" போனது, "சூடு வெளியேறாமல் உள்ளே அடைப்பது" வந்தது. எனக்கு ஓரிரு இடத்தில் வலித்தது. நல்ல தமிழ்ச் சொல்லை விட்டுக்கொடுக்கிறோமே என்று ஒருமுறை வாதாடினேன். "நல்ல சொல்லா இருக்கட்டும் அக்கா. பக்கத்துல வெளக்கத்தப் போட்டுட்டு வைங்க" என்றார். சரியான தீர்ப்பு. சில சொற்களை அப்படியே வைத்தோம். சாயங்காலம் ஹல்துமுல்லை டவுனில் அறுபது பிரதி எடுத்தோம்.

ஞாயிறு காலை பத்தரைக்குப் பெரட்டுக் களத்தில் நாற்பது பேருக்கு மேல் கூடினார்கள். விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் அதே மைதானம். விற்பனைக்காரர் வேனில் வந்தார்; மடிக்கணினி, படிவக் கட்டு, என் கைநூல் ஒரு பெட்டி நிறைய. பேச்சு நன்றாகவே இருந்தது. பத்தாம் பக்கத்தைத் திறந்து என் வரியை உரக்க வாசித்தார்.

யோகேஸ்வரி எழுந்தார். "தம்பி, பேச்சு போதும். எங்க ஊடு இந்தா பக்கத்துல. வெயிலும் நல்லா அடிக்குது. வந்து மெயின் சுவிட்ச அமத்திக் காட்டுங்க."

"அக்கா, அது... டெக்னிக்கல் ஆள் வரணும்."

"சுவிட்ச அமத்த ஆள் எதுக்கு? நானே அமத்துறேன்."

எல்லோரும் போனோம். வீட்டுக்குள் பத்துப் பேர், மற்றவர்கள் வாசலிலும் ஜன்னலிலும். முன்னறை பல்பு எரிந்துகொண்டிருந்தது. யோகேஸ்வரி மெயினை இறக்கினார். பல்பு அணைந்தது. கூரைக்கு மேல் உச்சி வெயில். மெசினில் சிவப்பு விளக்கு மினுக்கியது.

"இது பாதுகாப்புக்காக," என்றார் விற்பனைக்காரர்.

"அது எனக்கும் தெரியும். லைன்ல வேலை செய்யிறவரு சாகக்கூடாது. சரிதான். அத ஏன் மொதல்ல சொல்லல?"

"புத்தகத்துல இப்படித்தானே போட்டிருக்கு அக்கா. நான் எழுதினதா?"

அப்போது நான் முன்னால் போனேன். அந்தப் புத்தகத்தைத் தமிழில் எழுதியது நான்தான், பத்தாம் பக்கம் பிழை, பிழை என்னுடையது, ஆனால் இந்தத் தம்பி உண்மை தெரிந்திருந்தும் அந்தப் பிழையை வைத்தே விற்றார் என்று சொன்னேன். கொழுந்தெடுக்கும் ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொழும்புல குந்திகிட்டு எழுதினா இப்பிடித்தான் வரும்" என்றார். யாரும் அவரை அடக்கவில்லை. அடக்கியிருந்தால் எனக்கு இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

அறுபது பிரதிகளும் முடிந்துபோயின. அன்று ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

பிறகு நடந்தது இவ்வளவுதான். யோகேஸ்வரி பெட்டிக்கு ரெஜிபோம் ஒட்டிவிட்டார். பெட்டியை மட்டும் ஓட்டக்கூடிய சிறிய பெட்டரியும் இன்வேர்ட்டரும் ரியாஸ் நானா பொருத்திக் கொடுத்தார். மெயினை அமத்தி ஐந்து மணி நேரம் சோதித்துப் பார்த்ததில் சூடு இறங்கவில்லையாம். புதிதாக நூறு முட்டை வைத்திருக்கிறார். தகடுகள் கூரையில்தான் இருக்கின்றன. மின்சாரக் கட்டணம் குறைகிறது, அது உண்மை, அதை மறைக்க மாட்டேன். செத்த முட்டைகளுக்கு எவரும் எதுவும் தரவில்லை. பதுளை அலுவலகத்துக்கு நான் மூன்று கடிதம் அனுப்பிவிட்டேன். 'ஆராய்கிறோம்' என்று ஒன்றுக்குப் பதில் வந்தது.

நீங்களும் அந்தப் பக்கம் போவதானால், ஹல்துமுல்லையிலிருந்து மேலே ஏறும் ஆட்டோவை மாலை நான்குக்கு முன் பேசிக்கொள்ளுங்கள், பிறகு கிடைப்பது கஷ்டம். மலையில் மாலையானால் மழை. கல் பாதையில் செருப்பு சரிப்படாது. உங்கள் வீட்டுக்கே சூரிய மின்சாரம் போட யோசித்தால், முதலில் கூரை, கதவு, ஜன்னல் இடுக்குகளைப் பாருங்கள். தகடு எத்தனை கிலோவாட் என்று கேட்டதோடு நிற்காமல், மழை மாதத்தில் எத்தனை யூனிட் தரும் என்று கேளுங்கள். ஏற்கெனவே போட்ட ஒரு வீட்டுக்குப் பகலில் போய் மெயினை அமத்திப் பாருங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும். நான் மொழிபெயர்த்த நான்கு நாளில் அந்த ஒரு நிமிடத்துக்கு யாரிடமாவது கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக ஒன்று. படிவத்தில் ஒரு வரியைத் தமிழில் எழுதி, கம்பனி முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். அந்த ஞாயிறன்று வேன் புறப்படும்போது பதினொரு வீட்டுக்காரர்களும் அதைத்தான் கேட்டார்கள்: 'மின்வெட்டின்போது இந்த இயந்திரம் மின்சாரம் தராது.' ஐந்து சொற்கள். தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாக விற்பனைக்காரர் சொல்லிவிட்டுப் போனார். ஆறு வாரமாகிறது. அந்த ஐந்து சொற்களை எழுதித் தர இன்னும் எவரும் தோட்டத்துக்கு வரவில்லை.